ஆமோதபுரியில் எழுந்த கைகள்

வரைபடம் போடுகிறவர்கள் அலுத்துப்போய் விட்டுவிட்ட ஒரு மூலையில் ஆமோதபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே எல்லாமே கை தூக்கித்தான் முடிவாகும். மன்னர் கேட்பார், கைகள் எழும், சட்டம் பிறக்கும்.

அந்த நாட்டில் நாகவேணி கணக்கு டீச்சராக இருந்தாள். அவளுடைய வலது கை அவளைக் கேட்காமலே வெடுக்கென்று மேலே போகும். கூடவே தொண்டையிலிருந்து ‘க்கும்’ என்றொரு சத்தம். கடல் தாண்டிய மருத்துவர்கள் இதை டூரெட் என்னும் நரம்புக் கோளாறு என்றார்கள். ஆமோதபுரி அரசு ஒழுங்கீனம் என்றது. இப்படிப்பட்டவர்கள் வெளியே வரும்போது கையைக் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று ஆணை வந்தது. அடக்க அடக்க நாகவேணிக்குக் கழுத்து முறிவதுபோல் வலித்தது. அடுத்து, சத்தம் எழுப்புவோருக்குப் பள்ளியில் இடமில்லை என்று இன்னோர் ஆணை. அவள் வேலை போயிற்று. அதே நோயுள்ள பிள்ளைகளும் தெருவுக்கு வந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து இந்நோயை ஆராயப் புறப்பட்டார்கள். எதை ஆராய்வது என்று முடிவெடுக்க நோயாளிகளும் உடன் அமர வேண்டும் என்பது அவர்களுடைய ஒரே நிபந்தனை.

சுகாதார அமைச்சர் பரமதயாளர் பதறிப்போனார். “நோயைப் பற்றி நோயாளிக்கு என்ன தெரியும்?” என்றார். ஆனால் பல நாட்டுக் கொடிகளுக்கு நடுவே தம் கொடியும் பறப்பதை மன்னர் மிகவும் விரும்பினார். ஆகவே, அசையாமல், சத்தமில்லாமல் அமரக்கூடிய நோயாளிகள் பங்கேற்கலாம் என்று அறிவித்தார்கள். அப்படி யாரும் கிடைக்காததால், அமைச்சரின் மைத்துனரே நோயாளியாக நியமிக்கப்பட்டார்.

மருத்துவர்களின் தலைவி மார்த்தா அவரிடம், “உங்களுக்கு எங்கே வலிக்கும்?” என்று கேட்டாள். மைத்துனர் பதிலுக்காக அமைச்சரைப் பார்த்தார். மார்த்தா பெட்டியைக் கட்டத் தொடங்கினாள். வேறு வழியில்லாமல் நாகவேணியை மன்னரின் அவைக்கு அழைத்து வந்தார்கள்.

அமைச்சர் எழுந்தார். “சத்தத்தை நிறுத்துவதே ஆராய்ச்சியின் நோக்கம். ஆமோதிப்போர்?”

நாகவேணியின் கை வெடுக்கென்று எழுந்தது. “நோயாளிகள் ஒப்புதல்!” என்று அமைச்சர் முழங்கினார்.

“அதுவரை நோயாளிகளை ஊருக்கு வெளியே குடியமர்த்துவது. ஆமோதிப்போர்?”

அவள் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தினாள். கழுத்து எரிந்தது, கண்ணில் நீர் வந்தது. கை பிய்த்துக்கொண்டு எழுந்தது. “ஒருமனதாக!”

அவள் துள்ளி எழுந்தாள். “ஐயா, என் கை என் பேச்சக் கேக்காது. வாய் கேக்கும். வாயைக் கேளுங்க!”

“நிகழ்ச்சி நிரலில் வாய்க்கு இடமில்லையம்மா” என்றார் அமைச்சர் பரிவோடு.

“நான் கேட்கிறேன், சொல்லுங்கள்” என்றாள் மார்த்தா.

“சத்தம் எங்களுக்குப் பெரிய தொந்தரவில்லீங்க. அது உங்களுக்குத்தான் தொந்தரவு. எங்களுக்குக் கழுத்து வலிக்குது, தூக்கம் இல்ல. அதுக்கு வழி பாருங்க. வெளிய தள்ளின புள்ளைங்க மறுபடி வகுப்புல உக்காரணும், அதுக்கு என்ன செய்யலாம்னு பாருங்க.”

மார்த்தா அதையே ஆராய்ச்சியின் முதல் கேள்வியாக எழுதிக்கொண்டாள். நாகவேணிக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது.

அதுவரை கண்ணயர்ந்திருந்த மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அந்தக் கை தானாகவா எழுகிறது? யோசிக்காமலேயா?”

“ஆமாம்” என்றாள் மார்த்தா.

“பரவுமா?”

“பரவாது, மகாராஜா.”

“ஏன் பரவாது? தேர்தல் நெருங்குகிறது. குடிகள் எல்லோருக்கும் இதைப் பரப்புவது எப்படி என்பதே இனி ஆராய்ச்சி. ஆமோதிப்...”

சொல் முடியவில்லை. அவையிலிருந்த அத்தனை கைகளும் எழுந்துவிட்டன. அந்த நேரம் பார்த்து நாகவேணியின் கை மட்டும் மடியில் சும்மா கிடந்தது.

மார்த்தா திகைத்துப்போனாள். “இத்தனை பேருக்கா? எப்போதிலிருந்து?” என்று நாகவேணியின் காதருகே கேட்டாள்.

“அது வேறங்க” என்றாள் நாகவேணி. “எங்களால அடக்க முடியாது. அவங்களால முடியும். அடக்கிப் பாத்ததில்ல, அவ்வளவுதான்.”