சின்ன வயிறு, பெரிய வாய்

உலகத்தில் எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் அறிவுரைக்கு மட்டும் வந்ததில்லை. சிகரெட்டை விட்டவர் தருவார், யோகாவில் சேர்ந்தவர் தருவார், லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறத் தொடங்கியவர் மூச்சு வாங்கிக்கொண்டே தருவார். இவர்களையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு இப்போது ஒரு புது இனம் புறப்பட்டிருக்கிறது. எடையைக் குறைப்பதற்காக வயிற்றைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, எடையும் குறைந்து, பழைய கால்சட்டைக்குள் இன்னொருவருக்கும் இடம் இருக்கும் நிலைக்கு வந்துவிட்ட மனிதர். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் புரோட்டீன் புலவர். அறுவை சிகிச்சை அவருக்கு. அறுவை நமக்கு.

எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்கிறீர்களா? சிரமமே இல்லை. கையில் அளவுக்கோடு போட்ட தண்ணீர் பாட்டில் இருக்கும். சட்டைப்பையில், பேனா இருக்கவேண்டிய இடத்தில், புரதத் தூள் பொட்டலம் ஒன்று எட்டிப் பார்க்கும். உங்களைக் கண்டதும் "சௌக்கியமா?" என்று கேட்கமாட்டார். "இன்னிக்கு எவ்ளோ புரோட்டீன் உள்ள போச்சு?" என்பார். நீங்கள் திருதிருவென்று விழிப்பீர்கள். அந்த முழிக்காகத்தான் அவர் காலையிலிருந்து காத்திருக்கிறார்.

எனக்கு வாய்த்த புலவர் என் அக்காவின் கணவர். அத்தானுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழில். அந்தக் காரைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்குத் தனியாக ஒரு பிரேக். வண்டியை ஓட்டுவது யாராக இருந்தாலும் பிரேக் தன் காலடியில் இருக்கவேண்டும் என்பது இத்தனை வருடத் தொழிலில் அவருக்கு ஊறிப்போன வாழ்க்கைமுறை. வீட்டிலும் அவர் அப்படித்தான்.

முன்பெல்லாம் அவர் சீட் பெல்ட்டைப் போட முடியாமல், போட்ட மாதிரி மடியில் கிடத்தி வைத்திருப்பார். சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது என்று எல்லாம் இருந்தன. அக்கா பக்கத்தில் படுத்துக்கொண்டு, அடுத்த மூச்சு வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள். கெஞ்சிக் கூத்தாடி அவரை அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்க வைத்தவளும் அவள்தான். நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையின் உணவு ஆலோசகர் அம்மா பொறுமையாகச் சொன்னார்: "வயிறு இப்ப ஒரு சின்னக் கிண்ணம் அளவுதான். அதனால புரோட்டீன் முதல்ல, மத்ததெல்லாம் அப்புறம். நல்லா மென்னு சாப்பிடுங்க. சாப்பாட்டோட தண்ணி வேணாம், முடிச்சு அரை மணி கழிச்சுக் குடிங்க. ஒரேயடியா குடிக்க முடியாது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிக்கிட்டே இருக்கணும். தண்ணியில கோட்டை விட்டா திரும்ப இங்கதான் வரணும்."

அந்த அம்மா அத்தனையும் அவருக்காகச் சொன்னார். அத்தான் அத்தனையும் உலகத்துக்காகக் கேட்டுக்கொண்டார்.

அன்று பிடித்தது எங்களுக்குச் சனி. அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஒருமுறை சொல்கிறேன். இதையே வேளைக்கு ஒருமுறை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

"மாப்ள, நில்லு. முதல்ல எதுல கைய வைக்கப் போற?"

"சோத்துல, அத்தான்."

"தப்பு! முதல்ல முட்டை. அப்புறம் மீன், பருப்பு. சோறு கடைசியில, அதுவும் வயித்துல இடம் இருந்தா."

"எனக்கு நிறைய இடம் இருக்கு அத்தான். எனக்கு ஆபரேஷன் பண்ணலையே."

"பண்றதுக்கு முன்னாடி நானும் இப்படித்தான் பேசினேன்."

பேச்சோடு நிறுத்துவாரா? செய்முறை விளக்கமும் உண்டு. தன் தட்டிலிருக்கும் முட்டையை எடுத்து, இரண்டாக வெட்டி, வெள்ளைக்கருவின் பெருமையை விளக்கி, "இந்தா, இதை முப்பது தடவை மெல்லு பாக்கலாம்" என்று பாதியை என் வாயில் திணித்து, நான் மெல்லுவதை வாயசைத்து எண்ணி, இருபதில் நான் விழுங்கிவிட்டால் மனம் நொந்து, அடுத்த பாதியையும் எனக்கே கொடுப்பார். மீன் அக்காவுக்குப் பாடமாகும். அவர் தட்டில் கடைசியில் மிஞ்சுவது ஒரு எலுமிச்சைத் துண்டு. இவ்வளவும் முடிய ஒன்றரை மணி நேரம். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாதல்லவா? பிறகு அரை மணி பொறுக்கவேண்டும் அல்லவா? பொறுத்து முடிப்பதற்குள் அடுத்த வேளைச் சத்துணவுக்கு மணியடித்துவிடும். நடுவே தப்பித்தவறிக் கொஞ்ச நேரம் கிடைத்தால் பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டுபோவார். அந்த நேரம் பார்த்து யாராவது எதிரே வந்துவிடுவார்கள். மனிதனுக்கு வாய் ஒன்றுதானே! குடிப்பதா, பேசுவதா? அத்தான் தியாகி. குடிப்பதை விட்டுக்கொடுத்துவிடுவார்.

இதன் பலன் எங்கள் சுற்று வட்டாரம் முழுவதும் தெரிந்தது. அக்காவின் முகத்தில் ஒரு பளபளப்பு. எனக்குக் கை கால்களில் புது வலு. டிரைவிங் ஸ்கூலில் கழிப்பறைக்கு வரிசை நிற்கத் தொடங்கியது. அத்தானுக்கு மட்டும் முடி கொட்டியது, உதடு வெடித்தது, உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. அக்கா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.

"தண்ணி குடிச்சீங்களா?" என்பாள்.

"என்கிட்டயே கேக்கிறியா? நீ குடிச்சியா?"

"பாட்டில் காலையில குடுத்த மாதிரியே இருக்கே."

"காலியாகி மறுபடி ரொப்பியிருப்பேன்."

பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். மனிதர் மனப்பூர்வமாக நம்பினார். தண்ணீரைப் பற்றி அவ்வளவு பேசியிருக்கிறார். அதெல்லாம் உள்ளே போன கணக்கில்தானே சேரும் என்று அவர் மனம் எடுத்துக்கொண்டது. அக்கா நம்பவில்லை. "இத்தனை பாடுபட்டு அவர பொழைக்க வச்சிட்டு, தண்ணி இல்லாம பறிகொடுத்துடுவேனோன்னு பயமா இருக்குடா" என்று சமையலறையில் என்னிடம் சொன்னாள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் வெளியே வந்ததும் முதலில் அவர் பாட்டிலைத்தான் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில் அவரிடம் கார் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு நூலகர் அம்மா. பேச்சுச் சத்தம் கேட்டாலே உதட்டில் விரல் வைக்கும் தொழில் அவருடையது. அப்படிப்பட்டவருக்கு அத்தான் ஆசிரியர்! இரண்டாவது கியருக்கு மேல் அந்த அம்மா போனதில்லை. காரணம் பயமல்ல. மூன்றாவது கியரை விளக்க ஆரம்பிக்கும்போதெல்லாம் அத்தான் பருப்புக்குப் போய்விடுவார்.

அன்று நல்ல வெயில். அத்தான் பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டுபோனார்.

"மேடம், கிளட்ச மெதுவா விடுங்க. தண்ணியும் அப்படித்தான், மெதுவா உறிஞ்சணும். நீங்க இன்னிக்கு எவ்ளோ குடிச்சீங்க?"

"சார், எதிர்ல லாரி வருது."

"லாரி போயிடும் மேடம், உடம்புல தண்ணி போனா வருமா? அந்தச் சிக்னல்ல நிறுத்திட்டு ஒரு மடக்கு குடிங்க."

நூலகர் நிறுத்தினார், தன் பாட்டிலிலிருந்து குடித்தார். அத்தான் திறந்த பாட்டிலை மூடிக் கதவில் சொருகினார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து கண்ணாடியில் தலையை மோதிக்கொண்டார்.

நூலகர் ஒரு கணம் திகைத்தார். பிறகு, உரிமம் இல்லாதவர் தனியாக ஓட்டலாமா என்று சட்டம் பேச நேரமில்லை என்று முடிவு செய்து, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல், மருத்துவமனைக்குப் போகும் நீண்ட சாலை முழுவதையும் இரண்டாவது கியரிலேயே கடந்தார். கார் உறுமியது, புகைந்தது, பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாழ்த்தினார்கள். வழியில் அத்தானுக்கு அரைகுறையாக நினைவு வந்தது. வந்ததும் என்ன செய்தார்? தன் காலடியிலிருந்த பிரேக்கை மிதித்தார்.

"கண்ணாடியப் பாருங்க மேடம்... முட்டையில மஞ்சக்கருவ..."

"சார், கால எடுங்க! வாய மூடுங்க!"

நூலகத்தில் இருபது வருடம் தாழ்ந்த குரலிலேயே பேசியவர், சேர்த்து வைத்திருந்த மொத்தத்தையும் அன்று ஒரே கத்தாகக் கத்தினார். அத்தான் காலையும் எடுத்தார், வாயையும் மூடினார். மருத்துவமனை வாசலில் இரண்டு பூந்தொட்டிகளைப் பலி கொடுத்துக் கார் நின்றது.

அக்காவும் நானும் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அத்தான் கையில் ஊசி குத்திச் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. உடம்பில் சுத்தமாக நீர் வற்றிவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்றார் இளம் டாக்டர். பிறகு அத்தானிடம் குனிந்து கேட்டார்.

"சார், இன்னிக்கு எவ்ளோ தண்ணி குடிச்சீங்க?"

அத்தான் முகம் மலர்ந்தது. அக்காவைத் தவிர இந்தக் கேள்வியை அவரிடம் கேட்கும் ஒருவரை இப்போதுதான் சந்திக்கிறார்!

"நம்ம லைப்ரரி மேடம் முக்கா பாட்டில் முடிச்சிட்டாங்க டாக்டர். வீட்டுல இவ மத்தியானத்துக்குள்ள ஒரு லிட்டர் தாண்டிடுவா. மாப்ளதான் கொஞ்சம் மோசம், சொன்னாத்தான் குடிப்பான். எதிர்வீட்டு டெய்லர் பரவாயில்ல..."

"நீங்க, சார்?"

அத்தான் வாயைத் திறந்தார். யோசித்தார். கூரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். ஊரில் உள்ளவர் வயிற்றுக் கணக்கெல்லாம் விரல் நுனியில் இருந்தது. சொந்த வயிற்றின் கணக்கில் ஒரு சொட்டுகூட இல்லை.

அக்கா அழுதுவிட்டாள். "எங்க எல்லாரையும் குடிக்க வச்சிட்டு, நீங்க காஞ்சு போயிட்டீங்களே! உங்க அட்வைஸ வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? எனக்கு நீங்க வேணும்ங்க." அத்தானுக்கும் கண் கலங்கியது. கலங்குவதற்கு உள்ளே அப்போதுதான் கொஞ்சம் நீர் ஏறியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒரு சட்டம் போட்டாள். அத்தான் யாருக்கு என்ன உபதேசம் செய்வதாக இருந்தாலும் முதலில் ஒரு வாய் தண்ணீர். முட்டையைப் பற்றிப் பேசவேண்டுமா, முட்டை முதலில் உள்ளே போகட்டும். அவர் சின்ன வாயாக உறிஞ்சி, மெதுவாக இறக்கி, மூச்சு விட்டு, பேசத் தயாராவதற்குள் எதிரில் இருந்தவர் எழுந்து போயிருப்பார். இப்போது மனிதர் முகத்தில் களை வந்திருக்கிறது. கொட்டிய முடிகூட மெல்லத் திரும்புகிறது. அக்கா நிம்மதியாகத் தூங்குகிறாள்.

அது இருக்கட்டும். இதைப் படிக்கும்போது நடுநடுவே யாரையோ நினைத்து நீங்கள் சிரித்தீர்களே, யார் அது? மாமனாரா, மேலதிகாரியா, பக்கத்து வீட்டுக்காரரா? இதை அப்படியே அவருக்கு அனுப்பிவைக்கவேண்டும், படித்தாவது திருந்தட்டும் என்று தோன்றுகிறதா? தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று: காலையிலிருந்து நீங்கள் எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்? யோசிக்கவேண்டியிருக்கிறதா? உங்கள் பிள்ளை குடிக்காமல் திருப்பிக் கொண்டுவந்த அரை பாட்டில் மட்டும் பளிச்சென்று ஞாபகம் வருகிறதா?

அப்படியென்றால் எழுந்து போய் ஒரு வாய் குடித்துவிட்டு வாருங்கள். வழியில் யாரிடமும் பேசாமல்.