ஆட்டுத் தரகர் இருந்த வாட்ஸ்அப் குழு

எனக்கு நகைச்சுவை வரும் என்று நம்பினேன். செஞ்சியில் அப்படி நம்பிய ஒரே ஆள் நான்தான். அந்த நம்பிக்கையில் ‘கோட்டைத் தோழர்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, நானே அட்மின் ஆகி, நானே ஜோக் போட்டு, முதல் சிரிப்புப் பொம்மையையும் நானே போட்டுக்கொள்வேன்.

அந்தக் குழுவில் ஆட்டுத் தரகர் ஒருவர் இருந்தார். பெயர் இன்றுவரை தெரியாது. சந்தையில் எல்லோருக்கும் அவர் தரகர். வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் அட்சரம் பிசகாமல் நம்பிய உலகத்தின் கடைசி மனிதர். நம்பினால்கூடப் பரவாயில்லை, மொபெட்டை எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிடுவார்.

‘மனைவி ஊருக்குப் போய்விட்டாள், இன்றுதான் எனக்குச் சுதந்திர தினம்’ என்று ஒருநாள் போட்டேன். அரை மணியில் வாசலில் மொபெட் சத்தம்.

“சண்டையா தம்பி? சாப்டியா? நான் வேணா போயி பேசி கூட்டினு வரட்டா?”

“யாரு போனது?” என்று சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள் என் மனைவி. அன்று நான் சாப்பிடவில்லை.

அந்தக் கடுப்பில், ‘இந்தக் காலத்தில் அடக்கி ஒடுக்கப்பட்ட இனம் ஆண்கள்தான்’ என்று எழுதினேன். மறுநாள் காலை தரகர் ஆஜர். நான் மின்விசிறிக்கு அடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி எனக்குக் காபியைக் கொடுத்து, இரண்டு பேருக்கும் டப்பா கட்டி, ஈரத் தலையோடு வேலைக்குப் போக பஸ்ஸுக்கு ஓடினாள். தரகர் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

“ஒடுக்கறவங்க இன்னும் வர்லியா தம்பி? வர்ற வரைக்கும் நான் ஒக்காந்து இருக்கறேன்.”

மதியம் வரை இருந்தார். யாரும் வரவில்லை.

பிறகு, எங்கள் தெரு மருந்துக் கடைக்குப் பக்கத்து ஊர் வல்லத்திலிருந்து டி.பார்ம் முடித்த பெண் ஒருத்தி வேலைக்கு வந்தாள். மாத்திரை வாங்கப் போன நான், அவள் அலமாரிப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து போட்டோ எடுத்து, ‘இனிமேல் தினமும் காய்ச்சல்தான்’ என்று குழுவில் போட்டேன். தோழர்கள் பொங்கிவிட்டார்கள். உயரம் சரி என்றான் ஒருவன். நிறம் கொஞ்சம் மட்டு என்றான் இன்னொருவன். நடைக்குத் தனியாக மார்க் போட்டார், ஓய்வுபெற்ற ஒருவர்.

தரகர் எழுதினார்: “எத்தினி பல்லு?”

ஆட்டுக்கு வயது பார்க்கிற கேள்வி அது. அடுத்து, “விக்கறதா, சும்மா காட்டறதா?”

“தரகரே, இது ஜோக்கு.”

“அப்டியா. சந்தைல நாங்க பேசற மாதிரியே இருந்துதா, அதான் கேட்டேன்.”

இந்த நாட்டில் ஜோக் சொல்லக்கூட உரிமையில்லையா என்று கொதித்து, கருத்துச் சுதந்திரத்தைக் காப்பாற்ற அவரைக் குழுவிலிருந்து நீக்கினேன்.

படம் வல்லம் வரை போய்விட்டது. பெண்ணின் நைனா வேலையே வேண்டாமென்று அவளை வீட்டில் நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஆடு ஓட்டி வந்தவர், தரகரிடமே அதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். தரகர் நேராக என் வீட்டுக்கு வந்தார்.

“ஏறு.”

ஏறினேன்.

வல்லத்தில் அந்த நைனாவிடம், “சும்மா தமாஷுக்குங்க” என்றேன்.

“சொல்லு, நாங்களும் சிரிக்கிறோம்.”

உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். “போட்டோ எடுத்தவரு வூட்ல இருக்கட்டும் நைனா. நான் இன்னாத்துக்கு இருக்கணும்?”

திங்கட்கிழமை கடைக்கு வந்துவிட்டாள்.

தரகர் இல்லாத குழுவில் என் ஜோக்குகள் எனக்கே சலித்துவிட்டன. வாசலில் மொபெட் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்க்கிறேன், பால்காரர். வெட்கத்தை விட்டு நேற்று தரகருக்குத் தனியாக எழுதினேன்: “அண்ணே, நீங்க இல்லாம குரூப்பு குரூப்பாவே இல்ல. மறுபடி சேத்துக்கட்டா?”

பதில் வந்தது.

“வூட்டம்மாவ அட்மின் ஆக்கு, வர்றேன்.”