ஐஸ் பெட்டியில் ஒரு மத்தியானத் தூக்கம்

காலையில் இத்தனை மணிக்கு எழுந்தாக வேண்டும் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், முந்தின ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வராது. அலாரம் அடிக்காமல் போய்விடுமோ என்று கவலை. அடித்தும் எனக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று அதைவிடப் பெரிய கவலை. இப்படிக் கவலைப்பட்டுக் கவலைப்பட்டு, சரியாக அலாரம் அடிக்கிற நேரத்தில் அசந்துவிடுவேன். (இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.)

படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. பரீட்சைத் தேதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்ட அன்றைக்குக் காய்ச்சல் வந்தது, பரீட்சை முடிந்த அன்றைக்குப் போனது. அதற்கப்புறம் வேலை. சிங்கப்பெருமாள் கோயிலில் நின்றால் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்றார்கள். அந்த பஸ்ஸின் பின்பக்கத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முன்பக்கம் எப்படி இருக்கும் என்று இன்றுவரை தெரியாது. மாமல்லபுரம் கடற்கரையோரம் ஒரு ரிசார்ட்டில் ரூம் பாயாகச் சேர்ந்தேன். விருந்தாளிகள் வருவதற்குள் மெத்தையைச் சரி செய்யச் சொன்னார்கள். சரியாக இருக்கிறதா என்று படுத்துப் பார்த்தேன். விருந்தாளிகள்தான் வந்து எழுப்பினார்கள்.

என்னவாக ஆக வேண்டும் என்று கேட்பார்கள். மற்றவர்களுக்கு இதற்கெல்லாம் எங்கிருந்து பதில் வருகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கு எதுவுமே ஆக வேண்டும் என்று தோன்றியதில்லை. எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று மட்டும்தான் தோன்றும்.

இந்த நிலையில்தான் செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா ஒரு வேலை கண்டுபிடித்தாள். அக்கா வீட்டுக்காரர் சம்பத் மாமாவுக்கு ஷாமியானா, நாற்காலி வாடகைக்கு விடுகிற தொழில். அதோடு ஒரு ஐஸ் பெட்டியும் வாங்கியிருந்தார். சாவு வீட்டில், தூரத்துச் சொந்தங்கள் வந்து சேரும்வரை உடம்பைக் கிடத்தி வைக்கிறார்களே, கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி, அதுதான்.

"இதுக்கு டைமே கெடையாதுடா," என்றாள் அக்கா. "எப்ப போன் வருதோ அப்ப போவணும். மீதி நேரம் ஷெட்டுல சும்மா ஒக்காந்துகினு இரு."

டைமே கிடையாது. சும்மா உட்காரலாம். கடவுள் எனக்காகவே உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை என்று நினைத்தேன்.

"ஆனா ஒண்ணு," என்று அக்கா குரலைத் தாழ்த்தினாள். உள்ளே அவள் மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வூட்டுக்காரர்கிட்ட சண்ட போட்டு வாங்கின வேல இது. உன் தம்பி ஒரு வாரம் தாங்க மாட்டான்னு எங்க மாமியாரு சொல்லிகினே கீது. இதுலயும் நீ சொதப்பிட்டேன்னா நான் இந்த வூட்ல தல நிமிர முடியாது. பாத்துக்க."

வேலையில் சேர்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நேரம் கிடையாது என்றால், எல்லா நேரமும் என்று அர்த்தம். காலை ஆறு மணிக்கு வேலை என்றால் அந்த ஆறு மணியை நினைத்து மட்டும் பயப்பட்டால் போதும். இங்கே இருபத்து நாலு மணி நேரமும் போனைப் பார்த்துப் பயப்பட வேண்டியிருந்தது. குளிக்கும்போது பயம், சாப்பிடும்போது பயம். தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்துக் கிடந்தேன். (போன் வரவில்லை. அதற்கும் கவலைப்பட்டேன்.)

அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது.

அக்னி நட்சத்திர வெயில். ஷெட்டுக்குத் தகரக் கூரை. உள்ளே நின்றால் அப்பளமாகப் பொரிந்துவிடலாம். மாமா போன் செய்தார்.

"மச்சான், மாமல்லபுரத்துக்கு அந்தாண்ட கடலோரமா ஒரு கேஸு. ரிடையர் ஆன பஸ் கண்டக்டரு. பாடி இங்க ஆஸ்பத்திரியில கீது, பையன் ஆம்புலன்ஸ்ல எடுத்துகினு வருவான். நாம முன்னாடி போயி பொட்டிய வெச்சிரணும். கரண்ட்ட போட்டு ஜில்லுன்னு ரெடி பண்ணி வெய்யி. ஆளுங்களோட வரேன்."

ரெடி பண்ணினேன். கொஞ்ச நேரம் கழித்து, குளிர்ந்ததா என்று மூடியைத் தூக்கிக் கையை விட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. கையை வெளியே எடுக்க மனம் வரவில்லை. முழங்கை வரை விட்டேன். தோள் வரை விட்டேன். அப்புறம் மீதி ஆளும் உள்ளே போனதை ஒரு தனி முடிவு என்று சொல்ல முடியாது.

நான் யோசிக்காமல் செய்தேன் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். என்னைப் போல யோசிக்கிறவன் கிடையாது. மூச்சு முட்டுமே என்று யோசித்து, என் ரப்பர் செருப்பு ஒன்றை மூடி இடுக்கில் சொருகினேன். ஷாக் அடிக்குமே என்று ஸ்விட்சை அணைத்தேன். முதுகில் சளி பிடிக்குமே என்று துண்டை விரித்துக்கொண்டேன். தூசி படாமலிருக்க மூடியின் மேல் எப்போதும் கிடக்கும் நீலத் துணி வெளிச்சத்தையும் மறைத்துவிட்டது. அஞ்சே நிமிஷம் என்று கண்ணை மூடினேன். ஒரு வாரத் தூக்கம் பாக்கி இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை மாமா சொல்லித்தான் தெரியும். அவர் வந்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டிருக்கிறார். போன் போட்டால், அது மேஜை மேல் கிடந்து அடித்திருக்கிறது. டீக்கடைக்குப் போய்விட்டேன் என்று முடிவு செய்து, ஆட்களை விட்டுப் பெட்டியை லோடு வண்டியில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்.

"இன்னா அண்ணாத்த, இன்னிக்கிப் பொட்டி இந்தக் கனம் கனக்குது?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான்.

"வெயில்ல உனக்குத் தெம்பு போயிருச்சு. தூக்குடா," என்றிருக்கிறார் மாமா.

எனக்கு ஒரு கனவு மட்டும் ஞாபகம் இருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் முறையாக நேரத்துக்கு வந்துவிட்டேன். எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

அந்தக் கை தட்டல் மேளச் சத்தமாக மாறியபோது மெல்ல விழிப்பு வந்தது. யாரோ துணியை உருவினார்கள். கண்ணாடி மூடி திறந்தது. நெஞ்சின் மேல் ஈரமும் கனமுமாக ஏதோ வந்து விழுந்தது. சம்பங்கி வாசனை. மாலை.

கண்ணைத் திறக்கத் தைரியம் இல்லை. சுற்றிலும் அழுகை. நெஞ்சில் மாலை. முதுகுக்குக் கீழே தகரம். நான் செத்துவிட்டேன். வேறு விளக்கமே இல்லை. இருபத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை, நான் எதற்கெல்லாம் பயந்தேனோ அதெல்லாம் நடந்தேவிட்டது. (சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அதிர்ச்சியின் நடுவிலும் 'இனிமேல் காலையில் எழுந்திருக்க வேண்டாம்' என்று ஒரு மூலையில் தோன்றியது.)

"முகமே மாறிப் போச்சே அண்ணா," என்று ஒரு பெண்குரல் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது. ஓசூரில் கட்டிக்கொடுத்த கண்டக்டரின் தங்கச்சி அவர். அண்ணனைப் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது, கண்ணில் புரை வேறு. "இப்டி எளச்சிட்டியே அண்ணா. முடி மட்டும் கறுப்பா கீதே அண்ணா."

"ஆஸ்பத்திரில டை அடிச்சி உட்டுட்டாங்க போல," என்றார் பக்கத்தில் ஒருவர்.

தங்கச்சி ராகம் எடுத்தார். "கோழி கூவறதுக்கு முன்ன எந்திரிப்பியே அண்ணா. மொத பஸ்ஸுக்கு மொத ஆளா போவியே அண்ணா. ஒரு நாளு லீவு போட்டதுண்டா அண்ணா. ஒரு நிமிசம் லேட்டா போனதுண்டா அண்ணா."

இங்கேதான் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. செத்துப்போனவன் நானாக இருந்தால், ஒரு மரியாதைக்குக்கூட இப்படிப் பாட மாட்டார்கள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். ஏதாவது விளக்கம் சொல்ல வேண்டுமே என்று, "அது நான் இல்லீங்க," என்றேன்.

மேளம் நின்றது. ஒரு வினாடி கடல் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் தெருவே கிளம்பியது. நாற்காலிகள் உருண்டன. மேளக்காரர் மேளத்தைப் போட்டுவிட்டு வேலியைத் தாண்டினார். டை அடித்துவிட்டார்கள் என்று சொன்னவர் எந்தப் பக்கம் போனார் என்றே தெரியவில்லை. ஓசூர் தங்கச்சிக்கு மட்டும் சரியாகக் கண் தெரியாததால், "அண்ணன் பேசுது, அண்ணன் பேசுது," என்று என் கால் கட்டை விரலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

பெட்டிக்குக் கரண்ட் எடுக்க வீட்டுப் பின்பக்கம் போயிருந்த மாமா, சத்தம் கேட்டு ஒயரும் கையுமாக ஓடிவந்தார். மாலையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். மாமா பெரிய பேச்சுக்காரர். அன்றைக்கு அவர் வாய் திறந்ததும் ஒரு சத்தமும் வராமல் மூடியதும் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. அக்கா ஞாபகம் வந்தது. போச்சு. ஒரு வாரம் முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது.

எல்லோரும் ஓடிய இடத்தில் ஒரே ஓர் அம்மா ஓடாமல் உட்கார்ந்திருந்தார். கண்டக்டரின் சம்சாரம். சேதி வந்ததிலிருந்து அவர் ஒரு சொட்டு அழவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை என்று ஊரே பயந்துகொண்டிருந்ததாம். அது எனக்கு அப்போது தெரியாது. அவர் என்னையே பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"யார்ரா நீ?"

"பொட்டி கூட வந்த பையன்மா. வெயில் தாங்கல. செத்த நேரம் படுத்தேன். தூங்கிட்டேன்."

அவர் என்னையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "முப்பது வருஷம் டிக்கெட் இல்லாம ஒருத்தன ஏத்துனதில்ல எங்க வூட்டுக்காரரு. கடேசியில அவரு பொட்டியிலயே ஒருத்தன் டிக்கெட் எடுக்காம வந்துக்கிறான் பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அடக்க முடியாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது, எந்த இடத்தில் என்று தெரியவில்லை, அது அழுகையாக மாறியது. ஓசூர் தங்கச்சி என் கட்டை விரலை விட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நான் மாலையைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து ஆம்புலன்ஸ் வந்தது. உள்ளே நிஜக் கண்டக்டர். பையன் இறங்கினார். கவிழ்ந்த நாற்காலிகளையும், மேளம் இல்லாத மேளக்காரரையும், சிரிப்பும் அழுகையுமாக இருந்த அம்மாவையும் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் என் சட்டையைப் பிடித்தார்.

"உடுடா அவன," என்றார் அந்த அம்மா. "அப்பாவுக்கு மொதல்ல எடத்த ரெடி பண்ணட்டும்."

பெட்டியைத் துடைத்தேன், திரும்பவும் துடைத்தேன். கரண்ட் கொடுத்தேன். என் செருப்பை இடுக்கிலிருந்து எடுத்தேன். அன்றைக்கு உடம்பை எடுக்கும்வரை பெட்டி பக்கத்தைவிட்டு நகரவில்லை. உட்காரக்கூட இல்லை.

திரும்பும்போது திருக்கழுக்குன்றத்தில் மாமா என் பக்கம் திரும்பினார். ஒன்றுதான் கேட்டார். "உங்கக்காகிட்ட யாரு சொல்றது?"

"நீங்க சொல்லுங்க மாமா."

"நான் இன்னாத்துக்கு? படுத்தது நீ."

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்களுக்கு முன்னால் போன் போய்ச் சேர்ந்துவிட்டது. வாசலில் அக்கா முகம் வெளுத்து நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் மாமியார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. அக்கா தரையைப் பார்த்தாள். நானும் அதே தரையைப் பார்த்தேன்.

"வெளிய வெச்சா ஒரு வாரம் தாங்க மாட்டான்னு சொன்னேன்," என்றார் மாமியார். "ஐஸ்ல வெச்சா தாங்குவான் போல கீதே."

முதலில் வெடித்தது மாமா. அப்புறம் அக்கா. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த பிறகு அக்காவும் மாமியாரும் சேர்ந்து சிரித்து அன்றைக்குத்தான் பார்த்ததாக மாமா இன்றும் சொல்வார்.

வேலை போகவில்லை. கண்டக்டர் வீட்டுக் காரியத்துக்கு ஷாமியானா, நாற்காலி எல்லாம் மாமாவிடமே சொன்னார்கள். "அந்தப் பையனயும் இட்டுகினு வா, சாப்புடட்டும்," என்று அந்த அம்மா சொல்லிவிட்டதால் என்னை நிறுத்த மாமாவுக்கு வழி இல்லை. போனது அந்தப் பெட்டியின் பேர்தான். படாளம் வரைக்கும் 'எந்திரிச்ச பொட்டி' என்றால் தெரியும். போன் செய்கிற மருமகள்கள் சிலர், "அந்தப் பொட்டி வேணாங்க, வேற இருந்தா அனுப்புங்க," என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். மாமியார் எழுந்துவிடுவார் என்று பயமாம். அதனாலேயே மாமா இரண்டாவது பெட்டி வாங்க வேண்டியதாயிற்று. அதைப் பார்த்துக்கொள்வது இப்போது நான்தான்.

வேலை பிடித்துவிட்டதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போன் அடித்தால் இத்தனை வருஷம் கழித்தும் பயம்தான். ஆனால் எழுந்து போய்விடுகிறேன். பகலில் படுப்பதில்லை. மீறி எங்காவது, ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஓரமாகக் கண் அசந்தால், எங்கள் வீட்டு ஆட்களில் யாராவது ஒருவர் வந்து தோளைத் தட்டுவார்கள். போன வாரம் தட்டியது என் ஆறு வயது மகள். இடது கையை நீட்டி, வலது கை விரலால் உள்ளங்கையில் கிழிப்பது போலக் காட்டி, கண்டக்டர் குரலில் கேட்டாள்.

"டிக்கெட் எடுத்தியா நைனா?"