மூன்றடித் தடியோடு பெண் பார்க்கப் போனேன்

கலியாணத்துக்கு முன் நான் மூன்று பெண் பார்த்தவன். முதல் இரண்டு வீடுகளுக்கும் நெற்றி முதல் கால் வரை சேறாகத்தான் போய்ச் சேர்ந்தேன். இரண்டு இடமும் சரிவரவில்லை. பிழை என்னுடையதல்ல, பஸ்ஸினுடையது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். (வீட்டில் யாரும் கேட்பதில்லை.)

ஐம்பதுகளின் கடைசியில் வவுனியாவில் வாத்தியாராக இருந்தேன். அந்தக் காலத்து றோட்டில் நடுவில் மட்டும் ஒரு பஸ் அகலத்துக்குத் தார் இருக்கும். இரண்டு கரையும் கிரவல் மண், கிரவலில் குழி, குழியில் மழைத்தண்ணீர். பின்னால் பஸ் 'பாம் பாம்' என்று கோண் அடித்தால் சைக்கிள்காரன் கரைக்கு இறங்கிவிட வேண்டும். தாரிலும் குழி இல்லாமல் இல்லை. குழிக்கு விலத்தும்போது சைக்கிள் ஒரு முழமாவது வளையும். அந்த ஒரு முழத்துக்குள் பஸ்ஸும் வந்தால் நான் எங்கே போவது? ட்ரைவரை நிற்பாட்டியே கேட்டேன்.

"பள்ளத்துக்கை போங்கோ வாத்தியார். அதுக்குத்தானே பள்ளம் கிடக்கு" என்றார் அந்த மனுசன்.

எனக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யத் தொடங்கிவிடும். இது என்னுடைய பெரிய குறை. மூன்றடி நீளத் தடியொன்றை வெட்டி, சைக்கிள் கரியரின் குறுக்கே வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டினேன். ட்ரைவரின் கண்ணில் படட்டும் என்று நுனியில் சிவப்புத் துணியும் கட்டினேன்.

மூன்றாவது பெண் ஓமந்தைக்கு உள்ளே ஒரு வயற்கிராமத்தில். படத்தைப் பார்த்த உடனேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. இதுவும் குழம்பினால் தன்னை மறந்துவிடும்படி தரகர் கனகர் சொல்லிவிட்டார்.

"தம்பி, இண்டைக்கு ஒரு நாள் என்னோடை பஸ்ஸிலை வாருமன்" என்று கெஞ்சினார்.

அந்தப் பஸ்ஸில் கால் வைப்பதில்லை என்று நான் சபதம் எடுத்திருந்தேன். வெள்ளைக் காற்சட்டை, வெயிலுக்குத் தொப்பி சகிதம் சைக்கிளில் புறப்பட்டேன். பாதி வழியில் பஸ் வந்தது. கோண் அடித்தது. நான் இறங்கவில்லை. தடியைக் கண்ட ட்ரைவர் முறைப்படி மூன்றடி விலத்தினார். விலத்தின இடத்தில் குழி இருந்தது. பஸ் புதைந்தது. கனகர் அதற்குள் இருந்தார் என்பது தெரிந்தும் நான் நிற்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகச் சேறு படாத காற்சட்டையோடு போய்க்கொண்டிருந்தேன்.

ஊருக்குள் முதலில் கண்டவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். அவரைக் கண்டு இன்னும் நாலு பேர் ஓடினார்கள். பெண் வீட்டு முற்றத்தில் கதிரைகள் வரிசையாக இருந்தன, ஆட்களைக் காணோம். கனநேரம் சைக்கிள் மணி அடித்த பிறகு ஒரு பெண் கதவடிக்கு வந்தாள். படத்தில் பார்த்த அதே முகம்.

"அப்பா இல்லை."

"எங்கை போட்டார்?"

"காட்டுக்கை."

"எப்ப வருவார்?"

"நீங்கள் போனாப்பிறகு."

பிறகுதான் விளங்கியது. அரசாங்கக் காட்டை வெட்டி, கேட்டுக் கேள்வியில்லாமல் விதைத்திருந்தது அந்த முழு ஊரும். காற்சட்டையும் தொப்பியும் போட்டு, சிவப்புத் துணி கட்டிய தடியோடு அங்கே வருகிறவர் ஒருவர்தான்: காணி அளக்கிற சேவயர்.

"நான் அளக்க வரேல்லை. உங்களைப் பாக்க வந்தனான்" என்றேன்.

அவள் தடியைப் பார்த்தாள். "அதுக்கு இது என்னத்துக்கு?"

பெண் பார்க்க வந்த இடத்தில் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசினேன். குழி, ஒரு முழம், பஸ், ட்ரைவரின் திமிர். அரை மணித்தியாலம் இருக்கும். அவள் கடைசிவரை கேட்டாள்.

"நீங்கள் சொல்லுறது சரிதானே. பஸ் தானே விலத்த வேணும்" என்றாள்.

உலகத்தில் என் கட்சியில் சேர்ந்த முதல் ஆள் அவள்தான். தகப்பன் காட்டை விட்டு வராவிட்டால் இவளையும் இழந்துவிடுவேனோ என்றுதான் பயம்.

மத்தியானம்போல் முழங்கால்வரை சேற்றோடு கனகர் வந்து, காட்டு ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்திப் பெண்ணின் தகப்பனை வெளியே எடுத்தார். தகப்பனுக்கு முகமெல்லாம் முள்ளுக்கீறல். என் சம்பளம், சாதகம் எதையும் அவர் கேட்கவில்லை.

"தம்பி, மெய்யாத்தானோ அளக்க வரேல்லை?" என்று மட்டும் கேட்டார்.

கலியாணம் நடந்தது. ஆனால் மாமனார் சாகும்வரை தன் புது வயல் எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்குச் சொல்லவில்லை. இப்போதும் நாங்கள் அங்கே போனால், மச்சான் வாசல் படலையில் நின்று உள்ளே குரல் கொடுப்பான்: "அத்தான் வாறார், எல்லாரும் காட்டுக்கை ஓடுங்கோ!"

முதல் ஆளாக ஓடுவது என்னுடைய பிள்ளைகள்தான்.