சரிவைச் சரிசெய்த டிராக்டர்

கரீபியன் கடல் கண்ட மாபெரும் வேளாண் புரட்சி எங்கள் தீவில்தான் நடந்தது. நடந்தபோது குறிப்பெடுத்தவன் நான். வேளாண் துறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கூட்டக் குறிப்பு எழுதும் குமாஸ்தா என்பதால், வரலாற்றை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கும் பாக்கியம் எனக்கு உண்டு.

எங்கள் தீவு கடலிலிருந்து நேரே எழும்பி நிற்கும் மலை. மட்டம் என்று சொல்ல இங்கே இரண்டுதான்: ஒன்று விமான ஓடுதளம், மற்றொன்று எங்கள் துறையின் மேல்மட்டம்.

இந்த நாட்டுக்கு ஒரு நட்பு நாடு டிராக்டர் ஒன்றை அன்பளிப்பாக அனுப்பியது. துறைமுகத்தில் அது இறங்கியபோது செயலாளர் வால்மண்ட் கண்கலங்கினார். என் கண்ணும் கலங்கியது. செயலாளர் கலங்கினால் கலங்குவது எங்கள் அலுவலக நடைமுறை.

அதே வாரம் மேல்கிராமத்திலிருந்து பிலோமென் ரெஜிஸ்ட் என்ற பெண் விவசாயி ஒரு மனு அனுப்பியிருந்தார். கிராமத்துக்கும் கிழங்குக் காடுகளுக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அதன் மேலிருந்த மரப்பாலத்தை இரண்டு வருஷத்துக்கு முந்தைய புயல் கொண்டுபோய்விட்டது. டாஷீன் கிழங்கு மூட்டைகளைத் தலையில் சுமந்து இறங்கி ஏறுகிறோம். போன மழையில் என் தம்பி சிப்ரியன் மூட்டையோடு உருண்டு காலை முறித்துக்கொண்டான். ஒரு பாலம் வேண்டும். அவ்வளவுதான் மனு.

கூட்டம் கூடியது.

"பாலம் வேளாண்மையா?" என்று கேட்டார் செயலாளர்.

"இல்ல சார், பொதுப்பணி," என்றார் துணைச் செயலாளர்.

"பொதுப்பணித் துறை என்ன சொல்லுது?"

"கிழங்கு சுமக்கிறது வேளாண்மைன்னு சொல்லுது சார்."

"ரெண்டு துறையும் தெளிவா இருக்கோம். நல்லது," என்றார் செயலாளர்.

பிறகு வெளிநாட்டு ஆலோசகர் ஒரு செயற்கைக்கோள் படத்தை விரித்தார். வானத்திலிருந்து எடுத்த படம். வானத்திலிருந்து பார்த்தால் எங்கள் மலைகள் அனைத்தும் தோசைபோல் தட்டையாக இருந்தன. பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு நீலக் கோடு. "சரிவு என்பது ஒரு மனநிலை," என்றார் ஆலோசகர். எல்லோரும் எழுதிக்கொண்டோம். பாலம் கேட்டவருக்கு டிராக்டரையே அனுப்பிவிடுவது என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. திட்டத்தின் பெயர்: 'சரிவைச் சரிசெய்வோம்'.

குறித்த நாளில் பள்ளத்தாக்கின் விளிம்பில் டிராக்டர் வந்து நின்றது; கூடவே செயலாளரும், குறிப்பேட்டோடு நானும். ஓட்டுநர் கத்பர்ட் எட்டிப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கத்தைக் காட்டி பிலோமெனிடம் கேட்டார்:

"அக்கா, அது காடா, சுவரா?"

"சுவர்தான். அதுல தொங்கிக்கிட்டுத்தான் முப்பது வருஷமா நட்டுப் பறிச்சுச் சாப்பிடறோம். நீ வண்டியத் திருப்பிக்கிட்டு வீட்டுக்குப் போப்பா."

"படத்துல இது சின்ன ஓடைதாம்மா," என்றார் செயலாளர். "மெதுவா இறக்கு, கத்பர்ட்."

கத்பர்ட் மெதுவாகத்தான் இறக்கினார். டிராக்டருக்குத்தான் பொறுமை இல்லை. அவர் குதித்துத் தப்பினார். அது நாற்பது அடி உருண்டு, பள்ளத்தாக்கு குறுகும் இடத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே மாட்டி, கம்பீரமாக நின்றது. "செயல்விளக்கம் நிறைவுற்றது" என்று எழுதினேன்.

மறுநாளே ஊர்க்காரர்கள் டிராக்டரின் முதுகில் மூங்கில்களைப் பரப்பி, கொடியால் இறுகக் கட்டினார்கள். ஒரு மணி நேரச் சுமை பத்து நிமிஷமாகக் குறைந்தது. இரண்டு வியாழக்கிழமைக் கப்பல்களில் மேல்கிராமத்துக் கிழங்கு அக்கம்பக்கத்துத் தீவுகளுக்குப் போயிற்று. சிப்ரியன்கூட ஊன்றுகோலுடன் தன் காட்டைப் பார்த்துவிட்டு வந்தாராம்.

இந்த முறைகேட்டைத் துறை சும்மா விடவில்லை. வேளாண் வாரக் கண்காட்சிக்கு நட்பு நாட்டின் தூதர் வருகிறார்; டிராக்டரைப் பார்க்க ஆசைப்படுகிறார். துறைமுகத்துக் கிரேன் மலையேற வழி வேண்டுமல்லவா? இரண்டு வருஷமாகத் தூங்கிய பொதுப்பணித் துறை நான்கே நாளில் பள்ளத்தாக்கு வரைக்கும் சாலை போட்டது.

பிலோமென் மூங்கில் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"ஐயா, இதை விட்டுட்டுப் போங்க. இல்லேன்னா ஒரு பாலத்தைப் போட்டுட்டு எடுத்துக்குங்க. பதினாறு மூட்டை அந்தப் பக்கம் கிடக்கு. நாளைக்குக் கப்பல்."

"அரசாங்கச் சொத்தும்மா இது," என்றார் கிரேனோடு வந்திருந்த செயலாளர்.

"நான் மட்டும் யாரு சொத்து? கிரேன் வர நாலு நாள்ல ரோடு போட முடியுது, மனுஷன் போக ரெண்டு வருஷமா முடியல!"

"அது அவசரம்மா," என்றார் செயலாளர் பணிவாக.

போலீஸ்காரர் ஒருவர் பிலோமெனைக் கைபிடித்து எழுப்பினார். கிரேன் தூக்கியது. மூங்கில்கள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் விழுந்தன. சத்தம் அடங்கும்வரை பிலோமென் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் கப்பல் போயிற்று, மூட்டைகள் போகவில்லை. மழை பிடித்துக்கொண்டது. கிழங்கு அழுகியது.

கண்காட்சியில் டிராக்டர் புதுச் சிவப்பு வண்ணத்தில் ஜொலித்தது. 'மலை உழவரின் தோழன்' என்று பலகை. மேடையில் பேச ஒரு 'பயனாளி' தேவைப்பட்டதால் பிலோமெனை ஜீப்பில் அழைத்து வந்திருந்தார்கள். வெளுத்த சட்டையும் தலைத்துணியுமாக அவர் மேடையேறினார்.

"நாலு வார்த்தை நல்லதாச் சொல்லுங்கம்மா," என்று ஒலிபெருக்கியை நீட்டினார் செயலாளர். தூதர் புன்னகைத்தார். நான் பேனாவைத் திறந்தேன்.

"நல்லதுதான் சொல்லப்போறேன்," என்றார் பிலோமென். "இந்த டிராக்டர் எங்களுக்கு நிஜமாவே உழைச்சுது. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, முழுசா பதினேழு நாள். நீங்க வந்து காப்பாத்துற வரைக்கும்."