நான்காம் கேள்விக்கு வெர்னா எழுதிய பதில்

எங்கள் ஆர்ல்டன் ஊர் மெத்தை ஆலை அக்டோபரில் மூடப்பட்டது. அறுபத்துமூன்று பேர் வீட்டுக்குப் போனோம். தம் தவறு ஏதுமின்றி வேலை இழந்தவர்களுக்கு மாநிலம் வாரா வாரம் ஒரு தொகை தருகிறது. நிபந்தனைகள் அதிகமில்லை. உடம்பில் தெம்பு இருக்க வேண்டும், வேலை தேடிக்கொண்டே இருக்க வேண்டும், கூப்பிட்ட நிமிடம் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். இதை விளக்க அரசு நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு போட்டிருந்தது. கையேட்டை விளக்க ஒரு வகுப்பு வைத்தது. வகுப்புக்கு வராதவர்களுக்குப் பணம் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தோம். அதிகாரி ஈக்கின்ஸ் பாடம் நடத்தினார். நல்ல மனிதர். பதினாறு வருட சர்வீஸில் ஒரு விதியைக்கூட மீறியதில்லை, எதற்கு அந்த விதி என்று கேட்டதுமில்லை. இரண்டு மணிக்கு விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாரப் படிவம் நிரப்ப வேண்டும். அதில் நான்காம் கேள்வி: "இவ்வாரம் எந்த நாளிலாவது, எவ்வளவு நேரமாவது, வேலைக்குச் செல்ல இயலாத நிலையில் இருந்தீர்களா?"

அறுபத்திரண்டு பேர் "இல்லை" என்று எழுதினோம். வெர்னா ஹஸ்கின்ஸ் மட்டும் எழுதினாள்: "ஆம். செவ்வாய், பத்திலிருந்து இரண்டு வரை. உங்கள் அலுவலகத்தில் இருந்தேன்."

வெர்னாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெத்தையின் ஓரத்தில், "இந்தச் சீட்டைக் கிழிப்பது சட்டப்படி குற்றம்" என்று ஒரு துண்டு இருக்குமே, அதைத் தைப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருடம் தைத்தாள். அது விற்பவனுக்குத்தான், வாங்கியவன் தாராளமாகக் கிழிக்கலாம் என்று எல்லோரும் சொல்லியும் தன் வீட்டு மெத்தைச் சீட்டை அவள் கிழித்ததில்லை. படிவத்தின் அடியிலோ, பொய் சொல்வது குற்றம் என்று அச்சிட்டிருந்தது.

வியாழக்கிழமை அவளுக்குக் கடிதம் வந்தது. வேலைக்குத் தயாராக இல்லாத காரணத்தால் அவ்வார உதவி மறுக்கப்படுகிறது.

என் காரில்தான் அவளை ஈக்கின்ஸிடம் கூட்டிப் போனேன். வீட்டில் கணப்புக்கான எரிவாயுவை மிச்சம் பிடித்துப் பழகிவிட்டாள் போல, அலுவலகத்துக்குள்ளும் குளிர்கோட்டை அவள் கழற்றவே இல்லை.

"சார், நீங்க வரச் சொன்னதாலதானே வந்தேன்?"

"ஆமாம்மா. வராட்டி பணம் கிடையாது."

"வந்ததாலயும் கிடையாதுங்கறீங்க."

"வந்ததால இல்லம்மா. வந்தேன்னு எழுதினதால."

"அப்போ பொய் எழுதணுமா?"

ஈக்கின்ஸ் அதிர்ந்து போனார். "அப்படி நான் சொல்லவே இல்லையே. பொய் எழுதினா கேஸ் ஆயிடும். உண்மையை எழுதுங்க. ஆனா 'இல்லை'ன்னு எழுதுங்க."

அன்று அங்கே இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அந்த வாரப் படிவத்தில் அதையும் எழுதினாள். அந்த வாரப் பணமும் போயிற்று.

"ஏம்மா, உனக்கென்ன கிறுக்கா?" என்று கேட்டேன். "ஊரே 'இல்லை'ன்னு எழுதுது. யாரு வந்து பாக்கப் போறா?"

"யாரும் பாக்க மாட்டாங்க ஓரின். அதனாலதான் எழுதறேன்" என்றாள். அவளுக்காகப் பரிதாபப்பட்டேன். நாங்கள் எல்லோருமே பரிதாபப்பட்டோம். மாலையில் சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் கூடி, அரசு கொடுத்த பணத்தில் காப்பி குடித்துக்கொண்டே பரிதாபப்பட்டோம்.

அவள் மேல்முறையீடு செய்தாள். விசாரணை ஒரு புதன்கிழமை. சாட்சி சொல்ல நானே முன்வந்தேன். இவள் ஒருத்தியை மட்டும் தண்டிப்பது எவ்வளவு அநியாயம் என்று நடுவருக்குப் புரியவைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். சவரம் செய்துகொண்டேன். டை கட்டிக்கொண்டேன்.

நடுவர் ஓர் அம்மாள், மெதுவாகப் பேசுகிறவர்.

"அந்தச் செவ்வாய்க்கிழமை இவங்க மட்டுமா வந்தாங்க?"

"இல்லைங்கம்மா. அறுபத்துமூணு பேரும் வந்தோம். பத்துலேருந்து ரெண்டு வரை."

"அப்போ மத்தவங்களுக்கும் பணம் நின்னிருக்குமே?"

"அதாங்கம்மா அநியாயம். எங்க யாருக்கும் நிக்கல. நாங்க எல்லாரும் 'இல்லை'ன்னுதான் எழுதினோம்."

நடுவர் பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். வெர்னா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"எல்லாரும்னா, நீங்களுமா?" என்று கேட்டார் நடுவர்.

"நான்தாங்கம்மா முதல்ல எழுதினேன்."

"உங்க பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க."

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. அலுவலகத்தில் இருந்த நேரத்தில் வெர்னா வேலைக்குத் தயாராக இல்லை என்பது ஐயமற நிரூபணமாகியிருப்பதால், மறுப்பு செல்லும். அன்னாரின் நேர்மையைத் துறை மனமாரப் பாராட்டுகிறது. ஏனைய அறுபத்திரண்டு பேரும் உண்மையை மறைத்துள்ளதால், பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டும். விளக்கம் அளிக்க நேரில் வர வேண்டும்.

நேரில் போனோம். துணைக்கு வெர்னாவும் வந்தாள். அரை நாள் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை நான்காம் கேள்விக்கு அறுபத்துமூன்று பேரும் "ஆம்" என்று எழுதினோம். ஒருவருக்கும் பணம் வரவில்லை. ஒரு வாரம் முழுக்க ஊரில் யாரும் என்னோடு பேசவில்லை. வெர்னா மட்டும் வழியில் என் காரைக் கைகாட்டி நிறுத்தி, "நல்ல எண்ணத்துலதான் சொன்னே, எனக்குத் தெரியும்" என்றாள். அதுதான் இன்னும் வலித்தது.

மறுவாரம் தலைநகரிலிருந்து அறிக்கை வந்தது. ஆர்ல்டன் வட்டாரத்தில் உதவித்தொகை பெறுவோர் எண்ணிக்கை வரலாற்றில் முதன்முறையாகப் பூஜ்யத்தை எட்டியுள்ளது; இங்கே வேலையில்லாத் திண்டாட்டம் ஒழிந்தது. ஈக்கின்ஸின் அலுவலகத்துக்குச் சர்க்கரைப் பூச்சில் பூஜ்யம் வரைந்த கேக் அனுப்பினார்கள். கேக்கோடு வந்த உறையில், ஒழிந்துபோன ஒன்றுக்கு அலுவலகம் தேவையில்லை என்பதால் மாத இறுதியில் மூடப்படும் என்றும் இருந்தது.

எங்களுக்குத் திக்கென்றது. அடுத்த அலுவலகம் அறுபது மைல். போய் வரவே ஒரு நாள் ஆகும், அந்த நாளையும் எழுத வேண்டும். அன்று மாலையே மனு எழுதினோம்: "இந்த அலுவலகத்தை மூடினால் எங்கள் ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைதூக்கும்." வேலையில்லாத அறுபத்துமூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். பள்ளிக்கூடச் சமையலறையில் திங்கட்கிழமை சேர இருந்த வெர்னாவும், இன்றைக்கு இன்னும் வேலையில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு போட்டாள். கடைசியாக ஈக்கின்ஸ் வந்தார். பதினாறு வருடத்தில் முதல்முறையாகக் கை கொஞ்சம் தயங்கியது. அறுபத்து நான்காவதாகக் கையெழுத்திட்டார்.

பதில் சீக்கிரம் வந்தது, அவர் பேருக்கு மட்டும். சாப்பாட்டுக் கடைக்கு எடுத்து வந்து எங்களுக்குப் படித்துக் காட்டினார். துறைக்கு எதிரான மனுவில் அரசு ஊழியர் கையெழுத்திட்டது நடத்தைக் குற்றம். எனவே அவர் அலுவலகம் மூடப்பட்டதால் வேலை இழந்தவர் அல்லர், தம் தவறினால் வேலை இழந்தவர். தம் தவறினால் வேலை இழந்தவருக்கு உதவித்தொகை பெறும் தகுதி இல்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"விதி சரியாத்தான் இருக்கு" என்றார்.

கடிதம் கை மாறி மாறி மேசையைச் சுற்றி வந்தது. நாங்களும் ஒவ்வொருவராகப் படித்தோம். இந்த இரண்டு மாதத்தில் எங்களுக்கும் விதிகள் நன்றாகப் பழகிவிட்டிருந்தன. சரியாகத்தான் இருந்தது.