பூட்ஸுக்கு வைத்த ஆப்பு

எல்லப்பனுக்கு இடது இடுப்பில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. சம்மட்டியை ஓங்கும்போதெல்லாம் உயிர் போய்த் திரும்பி வந்தது. பதினேழு வருஷமாகக் கல் உடைக்கிறவன். கல் தெறித்துப் புருவம் கிழிந்திருக்கிறது, வலது கைச் சுண்டுவிரலில் நகம் கிடையாது. ஆனால் இந்த வீக்கத்துக்குக் கல்லைக் குற்றம் சொல்ல முடியாது. முந்தின நாள் சாயங்காலம் மைத்துனன் முனிசாமி உதைத்த உதை அது. முனிசாமி பந்தைக் குறிவைத்துத்தான் உதைத்தான். பந்து அசையவில்லை. எல்லப்பன் மூன்றடி தள்ளிப் போய் விழுந்தான்.

“கண்ணு இன்னா பொடனிலயா கீது?” என்று விழுந்த இடத்திலிருந்தே கேட்டான் எல்லப்பன்.

“கண்ணு சரியாத்தான் கீது மாமா. காலுதான் உள்ளாற எங்க கீதுன்னு தெரியல.”

கோளாறு பூட்ஸில் இருந்தது.

செங்கல்பட்டு வாலிபர் கழகத்துக்கு முனிசாமிதான் சென்டர் ஃபார்வர்டு. பிறந்ததிலிருந்து காலில் செருப்பு ஏறாதவன். உடைத்த ஜல்லி மேல் ஓடுவான்; உச்சி வெயிலில் பாறை மேல் நின்று நிதானமாகப் பீடி பிடிப்பான். வெறுங்காலால் அவன் அடித்த பந்து போன வருஷம் கோல் கம்பத்தையே சாய்த்தது. கம்பம் சாய்ந்ததால் கோல் செல்லாது என்று தீர்ப்பாகி ஆட்டம் தோற்றது வேறு கதை. இந்த வருஷமும் அந்தக் காலை நம்பித்தான் கழகம் இருந்தது. அந்தச் சமயம் பார்த்து ஜில்லா லீக்கிலிருந்து ஒரு கார்டு வந்தது: ஐம்பத்தைந்தாம் வருஷ ஆட்டங்களில் பூட்ஸ் போடாதவருக்கு இடமில்லை.

மற்ற பத்துப் பேரும் எங்கெங்கோ கேட்டுப் பூட்ஸ் சேர்த்துக்கொண்டார்கள். முனிசாமிக்குத் தேடித் தரும் பொறுப்பை எல்லப்பன் ஏற்றான். ஏற்காமல் என்ன செய்வான்? மீசையைப் பந்தயம் வைத்திருந்தான்.

அது நடந்தது குவாரியில், கஞ்சி குடிக்கிற நேரத்தில். ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். கோல் காக்கிற கோலிக்கு மஞ்சள்காமாலை தெளிந்துவிட்டது. இந்த வருஷம் பந்து மஞ்சளாகத் தெரியாது. கோலுக்கு முன்னால் தடுத்து பேக் ஆடுகிறவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது; மாமியார் வீட்டுச் சாப்பாட்டில் உடம்பு ஏறியிருக்கிறது, மோதினால் எதிராளி எழுந்திருக்க மாட்டான். வலது ஓரத்தில் ஆடுகிறவன் ரிக்‌ஷா இழுக்கப் போய்விட்டான்; மூச்சு கூடியிருக்கும். இப்படிப் பேசிப் பேசிக் கோப்பை கைக்கு வருகிற சமயத்தில் குமாஸ்தா உப்பிலி குடையை மடக்கிக்கொண்டு சிரித்தார். அவருக்குச் சொந்த ஊர் மகாபலிபுரம். முதல் ஆட்டமே அந்த ஊர் அணியோடு, அந்த ஊர் மணலில்.

“மூணு வருஷமா மொத ஆட்டத்துலயே மண்ணைக் கவ்வறீங்க. பேச்சை மட்டும் பாரு!” என்றார்.

“இந்த வாட்டி முனிசாமி கோல் போடுவான் சாமி. தோத்தா என் மீசைல பாதிய எடுத்துடறேன்!” என்றான் எல்லப்பன்.

“எந்தப் பாதி?”

“நீங்க காட்ற பாதி.”

இருபது பேர் சாட்சி. சொன்ன பிறகுதான் எல்லப்பனுக்குச் சொன்னது உறைத்தது. அப்பன் அவனுக்கு விட்டுப்போனது சம்மட்டி ஒன்று. மீசைதான் சுயசம்பாத்தியம். வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி சரோஜாவுக்கு விஷயம் அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

“ஆவணில என் தங்கச்சி கல்யாணம். பாதி மீசையோட பந்தல்ல வந்து நின்னே, மீதிப் பாதிய நானே அருவாமணைல எடுத்துடுவேன், ஆமா!”

மறுநாள் விடிந்ததும் எல்லப்பன் ரயில்வே கேட் பக்கம் ஓடினான். அங்கே செருப்புத் தைக்கும் அருணகிரியிடம் ஒரு வழக்கம் உண்டு. அவரிடம் தைக்கக் கொடுத்த ஜோடு ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உடையவன் காலுக்குத் திரும்பும். பெண் பார்க்கப் போகிறவன், கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறவன் எல்லாருக்கும் ஒரு நாள் இரண்டு நாள் இரவல் கொடுப்பார். கைம்மாறு ஒரு கட்டு பீடி. உடையவன் வந்து நின்றால், “மெழுகு காயல சார், நாளைக்கு வாங்க,” என்பார்.

“பந்தாடற பூட்ஸா? ஒண்ணு கீது,” என்று பலகைக்கு அடியிலிருந்து இழுத்தார் அருணகிரி. “குட்த்த ஆளு நடந்து நடந்து அலுத்துப் பூட்டாரு. பத்தரமா வச்சிக்கினு திங்கக்கெழம குட்த்துடு.”

பூட்ஸ் நல்ல பூட்ஸ்தான். முனிசாமியின் கால் விரல்கள்தான் கோழிக்கால் மாதிரி ஐந்து திசைக்கு விரிந்தவை. விளக்கெண்ணெய் தடவி, எல்லப்பன் முன்னால் இழுக்க, சரோஜா பின்னால் தள்ள, ஒரு வழியாகக் காலை உள்ளே ஏற்றினார்கள். அந்தக் காலால் உதைத்ததுதான் எல்லப்பனின் இடுப்பு.

“தோலுதான? ஊறப்போட்டா இளகிடும்,” என்றான் எல்லப்பன்.

குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் ஒரு பகல் ஊறப்போட்டான். இளகியது. எண்ணெய் நாற்றமும் போயிற்று. சந்தோஷத்தில் அதைப் பாறை மேல் வெயிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். திரும்பி வந்து பார்த்தால் பூட்ஸ் கத்தரி வற்றலாகிக் கிடந்தது. முந்தாநாள் முனிசாமியின் கால் அழுதுகொண்டாவது நுழைந்தது. இன்று சரோஜாவின் கால்கூட நுழையவில்லை.

“இன்னும் ரெண்டு நாளு வெயில்ல வையி, கொழந்த காலுக்கு ஆவும்,” என்றாள் சரோஜா.

சனிக்கிழமை வந்துவிட்டது. மறுநாள் ஆட்டம். சாப்பாட்டு நேரத்தில் சம்மட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த எல்லப்பனுக்குத் தொழில் கைகொடுத்தது. பாறை பிளக்கிறவர்கள் வரிசையாகக் குழி அடித்து, காய்ந்த மரத்தில் ஆப்பு சீவி இறக்கி, தண்ணீர் ஊற்றிவிட்டுத் தள்ளி நிற்பார்கள். மரம் ஊறி உப்பும். யானை மாதிரிப் பாறை நூல் பிடித்தாற்போல் வாயைத் திறக்கும். யானையையே திறக்கிற ஆப்புக்கு ஒரு பூட்ஸ் எம்மாத்திரம்?

பூட்ஸ் ஒன்றுக்கு மூன்று ஆப்பு சீவினான். சம்மட்டியின் காம்பால் தட்டி இறக்கினான். சோறு கொண்டுவந்த சரோஜா பார்த்துவிட்டாள்.

“இன்னாய்யா பண்ற? பாறைக்குப் பண்றத பூட்ஸுக்குப் பண்ணா பொளந்துக்கும்!”

“உனுக்கு இன்னா தெரியும்? பதினேழு வருசமா நான் கல்லு ஒடைக்கிறேன்.”

“அதத்தான் சொல்றேன். நீ ஒடைக்கிறவன்.”

எல்லப்பன் தண்ணீர் ஊற்றினான்.

மூன்று மணிக்குச் சத்தம் கேட்டது. குவாரியில் வெடி வைக்கிற ஆளே திரும்பிப் பார்த்தான். இடது பூட்ஸின் அடித்தோல் தையலோடு பிய்ந்து எகிறி, பள்ளத்துத் தண்ணீரில் விழுந்து முழுகியது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது பூட்ஸ் அடித்தோல் நட்டநடுவில் இரண்டாகப் பிளந்து கழன்று விழுந்தது.

“நல்ல பொளப்பு மாமா. கோணவே இல்ல,” என்றான் முனிசாமி, தொழில் பழக்கத்தில்.

எல்லப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரயில்வே கேட்டுக்கு ஓடினான். பலகை கவிழ்த்து வைத்திருந்தது. அருணகிரி காதுகுத்துக்குக் கூடுவாஞ்சேரி போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். திரும்பும் வழியெல்லாம் எல்லப்பன் மீசையைத் தடவிக்கொண்டே வந்தான். உப்பிலி எந்தப் பாதியைக் காட்டுவார் என்று யோசனை.

வந்து பார்த்தால், முனிசாமி பொழுது போகாமல் அந்த மேல்தோலுக்குள் காலை விட்டுக்கொண்டு நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். அடி இல்லாத பூட்ஸில் விரல்கள் இஷ்டத்துக்கு விரிந்தன. எழுந்து நடந்தான். ஓடினான். பந்தை ஓர் உதை விட்டான். பந்து வேப்பமரத்துக்கு மேலே போய், அந்தப் பக்கத்தில் யாரோ திட்டும் சத்தம் கேட்டது.

எல்லப்பன் உற்றுப் பார்த்தான். மேலே பார்த்தால் பூட்ஸ். கீழே முனிசாமி.

“மச்சான், கயட்டாத!” என்று கத்தினான். “நாளைக்கு இப்டியே ஆடற. காலை மட்டும் தூக்கிக் காட்டாத!”

ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போய் மகாபலிபுரத்தில் இறங்கினார்கள். சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவே மணலில் கோடு கிழித்திருந்தார்கள். உப்பிலி நாற்காலி போட்டுக் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஓர் ஆள் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்தான். குமாஸ்தா நாவிதனையே கையோடு அழைத்து வந்துவிட்டார்.

“வா எல்லப்பா. இடது பாதின்னு முடிவு பண்ணியிருக்கேன்,” என்றார்.

அதற்குள் விசில் ஊதியது. ரெஃப்ரி வாசுதேவன் ஒரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர்; காலில் வெள்ளைக் கேன்வாஸ், முகத்தில் சிரிப்பு கிடையாது. ஆட்டக்காரர்களை வரிசையில் நிற்கவைத்தார்.

“ஆணி ஏதாவது நீட்டிண்டிருக்கான்னு பாக்கணும். எல்லாரும் காலைத் தூக்கு.”

எல்லப்பன் கோட்டோரம் நெருங்கி நின்றான். வரிசை நகர்ந்து முனிசாமியிடம் வந்தது. வாசுதேவன் அவன் பாதத்தைத் தன் முழங்கால் மேல் தூக்கி வைத்தார். கறுத்து, வெடித்து, மரக்கட்டை மாதிரி இருந்தது. விரல் முட்டியால் தட்டினார். டொக் டொக் என்றது. இன்னொரு தரம் தட்டினார்.

“அடியில வழுக்காம பிடிக்கற குமிழெல்லாம் எங்கே?”

“தேஞ்சி பூட்ச்சி சார்!” என்று எல்லப்பன் கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினான்.

“ரொம்பப் பழைய தோலோ?”

“ஆமா சார். இருவத்திரண்டு வருசத்துத் தோலு.”

முனிசாமியின் வயது அது. வாசுதேவன் நாடாவுக்கு அடியில் இருந்த பூட்ஸின் நாக்கை மெல்லப் புரட்டி, உள்பக்கம் எதையோ தேடிப் பார்த்தார். முனிசாமியின் முகத்தைப் பார்த்தார். பிறகு எல்லப்பனை, அடி முதல் முடி வரை, அவசரமில்லாமல் பார்த்தார். எல்லப்பன் தனக்குத் தெரிந்த அத்தனை மாரியாத்தாளையும் கூப்பிட்டான்.

“சரி. போ. ஆடு,” என்றார் வாசுதேவன்.

எல்லப்பன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

ஆட்டம் ஆரம்பித்துக் கால் மணிதான் இருக்கும். இருபத்தொரு பேர் பூட்ஸிலும் மணல் புகுந்துகொண்டது. படி அரிசியைக் காலில் கட்டிக்கொண்ட மாதிரி இழுத்து இழுத்து நடந்தார்கள். பந்தை விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து பூட்ஸைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். மாப்பிள்ளை பேக் இரண்டு தரம் கொட்டினான், மூன்றாம் தரம் எழுந்திருக்கவே இல்லை. முனிசாமிக்கு மட்டும் அந்தத் தொல்லை கிடையாது. மேலே நுழைந்த மணல் கீழே போய்விடும்.

ஒரு விஷயம்தான் எல்லப்பனை உறுத்தியது. முனிசாமி போகிற இடமெல்லாம் ரெஃப்ரியும் போனார். முனிசாமி நின்றால் நின்றார். தண்ணீர் குடிக்கப் போனால் செம்பு வரைக்கும் கூடவே போனார். பந்து எந்த மூலையில் இருந்தாலும் அவர் கண் அவன் காலில்தான்.

“யோவ் ரெஃப்ரி, பந்து இங்க கீதுய்யா!” என்று ஊர்க்காரர்கள் கத்தினார்கள்.

‘சந்தேகம் வந்துட்ச்சி. கோல் உழுந்தா செல்லாதுன்னுடுவான்’ என்று எல்லப்பன் நகத்தைக் கடித்தான்.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது முனிசாமிக்குப் பந்து கிடைத்தது. எதிரணியின் இரண்டு பேக்கும் மணல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கோலி தனியாக நின்றான். பந்து வருவதைப் பார்த்துப் புத்திசாலித்தனமாகக் குனிந்துகொண்டான்.

கோல்!

கடைசி விசில் ஊதியதும் உப்பிலி குடையை மடக்கினார். நாவிதன் கத்தியைப் பெட்டியில் வைத்து மூடினான். செங்கல்பட்டு ஆட்கள் எல்லப்பனைத் தோளில் தூக்கினார்கள். இடுப்பு விண்ணென்றது, அதுவும் சுகமாகத்தான் இருந்தது. மீசையின் இரண்டு பாதியையும் ஒரு தரம் முறுக்கிவிட்டுக்கொண்டான்.

அப்போதுதான் பார்த்தான். வாசுதேவன் முனிசாமியை மணலில் உட்காரவைத்து, தானே குனிந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எல்லப்பன் தோளிலிருந்து குதித்து ஓடினான்.

“சார், கோலு செல்லும் இல்ல?”

“செல்லும்.”

“நாங்க ஜெயிச்சது ஜெயிச்சதுதான?”

“ஜெயிச்சதுதான்.”

எல்லப்பனுக்கு மூச்சு வந்தது. “அப்போ இன்னாத்துக்கு சார் கயட்றீங்க?”

வாசுதேவன் இரண்டு பூட்ஸையும் நாடாவால் முடிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

“முன்னாடியே வெளியே அனுப்பியிருந்தா இவன் இதோட ஓடிப்போயிருப்பான், அதான் ஆட்டம் முழுக்க இதைவிட்டுக் கண்ணை எடுக்கலை. ஆறு மாசமா அருணகிரி ‘மெழுகு காயல’ன்னு சொல்ற என் பூட்ஸ்யா இது, ரெண்டு அடித்தோல் நீ எனக்குப் பாக்கி.”